நேசக்காவின் வீட்டுக்கு நான் எழுதிய பெயர்

நேற்று ஒரு மாக்கர் பேனையின் மூடியைக் கழற்றிய நேரத்திலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பேனையில் குற்றமில்லை. அதை என் கையில் தந்த பிள்ளையிலும் குற்றமில்லை.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை அவள். மகளிர் தினக் கூட்டத்துக்கு என்னைப் பேச அழைக்க வந்திருந்தாள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே தலைப்பையும் அடித்தே கொண்டுவந்துவிட்டார்கள்: ‘அன்றாட வாழ்வில் துடிப்போடும் தன்னம்பிக்கையோடும் பெண்.’ பத்து நிமிடம். “அன்டி, நீங்க அந்தக் காலத்திலயே மோட்டச்சைக்கிள் ஓடினீங்களாமே?” என்றாள். அந்தக் காலமாம்! ஒல்லாந்தர் கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நான் அவர்களுக்குக் குறுக்கே ஹோர்ன் அடித்துக்கொண்டு போன மாதிரி. பிறகு ஒரு மஞ்சள் அட்டையையும் கறுப்பு மாக்கரையும் நீட்டி, மேடையின் பின்சுவரில் ஒட்ட ஒரு வசனம் எழுதித் தரச் சொன்னாள்.

மூடியைக் கழற்றினேன். அந்த மணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நகப்பூச்சும் மண்ணெண்ணெயும் சேர்ந்தது போல மூக்கின் நுனியில் குத்தி, கண் வரைக்கும் ஏறுகிற மணம். சிலருக்கு அதில் வகுப்பறை ஞாபகம் வரும். எனக்குச் சுனாமியென்று கடல் வந்துபோனதற்கு அடுத்த வருஷம் வந்தது. வசனம் வரவில்லை. நாளைக்கு எழுதி வைக்கிறேன் மகள் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அந்த வருஷம் எங்கள் கரை முழுவதும் மாக்கர் மணந்தது. முதலில் உப்புச் சேறும், சொல்ல விரும்பாத வேறு மணங்களும், அவற்றின் மேல் கொட்டிய குளோரினும். இரண்டு மூன்று மாதத்தில் அவை அடங்க, வெள்ளை வாகனங்களில் இந்த மாக்கர் மணம் வந்து இறங்கியது. கூடவே சுருள் சுருளாகப் பிறவுண் பேப்பர். எதற்கெடுத்தாலும் ஒரு பட்டறை. துக்கத்துக்குப் பட்டறை, கைகழுவுவதற்குப் பட்டறை, பட்டறை நடத்துவது எப்படி என்று இன்னொரு பட்டறை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஒரு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். கழுத்தில் பெயர் அட்டை, தலையில் சிவப்பு ஹெல்மெட், கீழே கந்தோர் தந்த மோட்டார் சைக்கிள்.

அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி நான்கு வரி எழுதாமல் தாண்டிப்போக என்னால் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லடிப் பாலத்தின் இரும்புக்குள் நுழையும்போது எஞ்சின் சத்தம் இரண்டு மடங்காகும். கீழே வாவி, இரண்டு பக்கமும் காற்று, ஷோல் பின்னால் கொடி மாதிரிப் பறக்க, நான் ஏதோ படை நடத்திப் போகிறவள் என்று எனக்கு எண்ணம். உண்மையில் நான் நடத்திக்கொண்டு போனது ஒரு பெட்டி வெற்றுப் படிவங்களை. சாவடியில் இராணுவத்தினன் மறித்து “பைக் யாருடையது?” என்பான். தேத்தண்ணிக் கடை வாசலில் கிழவர்கள் “ஆர்ர சைக்கிள் புள்ள?” என்பார்கள். இவ்வளவு வடிவாக ஓடுகிறாயே, எங்கே பழகினாய் என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்டிருக்கலாம். யாருடையது என்பதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அது அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது என்று யோசிக்கிற அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கவில்லை.

நேசம்மா அக்காவை நான் முதலில் கண்டது ஒரு பட்டறையில்தான். பள்ளிக்கூட மைதானத்தில் அகதி முகாம்; நீலத் தறப்பாளுக்குக் கீழே வெயிலில் வெந்துகொண்டு முப்பது பெண்கள். கொழும்பில் அச்சடித்து அனுப்பிய கையேட்டின்படி எல்லாரையும் எழுந்து நிற்கவைத்து, கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, ‘என்னால் முடியும்’ என்று மூன்று தரம் சொல்லச் சொன்னேன். இரண்டாவது தரத்தில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது வாய்க்குள்ளே அடங்குகிற சிரிப்பல்ல. தறப்பாளில் இருந்த காகம் எழும்பிப் போனது.

“என்னகா புள்ள, கண்ண மூடிக்கிட்டு ஆருக்குச் சொல்லுறம்? முடியாட்டி இவ்வளவு நாளும் நாங்க என்னத்தச் செஞ்சிக்கிட்டு இருந்த?”

நாற்பது வயது மதிக்கலாம். அகன்ற தோள். கூனி இறால் காயவைத்து விற்று, கடல் கொண்டுபோன வீட்டில் ஒரு மகளை வளர்த்தவள். அந்த வீட்டோடு தாயையும் கடலுக்குக் கொடுத்தவள். அவள் சிரிக்க, மற்ற இருபத்தொன்பது பேரும் சிரித்தார்கள். நான் கையேட்டைப் புரட்டினேன். பெண்கள் சிரித்தால் என்ன செய்வது என்று அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

கையேட்டில் இல்லாத இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவாள். நேசக்காவுக்கும் வீடு அப்படித்தான் வந்தது. அவளுடைய புருஷன் துரைராசா அண்ணன் வாவிக்கு அக்கரையில், மண்டூர்ப் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்தவர். வந்து இருபது வருஷமாகியும் அவர் ஒருநாளாவது ‘என்ட வீடு’ என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. தேத்தண்ணிக் கடையிலிருந்து எழும்பும்போது, “நேரமாச்சு, இவட ஊட்ட போகணும்” என்பார். ஏணி இரவல் கேட்டு யாராவது வந்தால், “இவட்டக் கேளுங்க, ஊடு இவட” என்பார். அதில் அவருக்குக் குறைச்சல் ஒன்றும் இருக்கவில்லை. ஒள்ளுப்பம், ஒரு துளி, பெருமைகூட இருந்தது என்று நினைக்கிறேன், நல்ல வீட்டுக்கு வந்தவன் என்ற மாதிரி.

நான் படம் கீறி, அம்புக்குறி போட்டு, நிமிர்ந்து நிற்கப் பழக்கிக்கொண்டிருந்தது இவர்களுக்கு. தன் வாசல் கடப்படியில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, ஊர் அதிகாரியான விதானையாரையே வெளியில் நிறுத்திக் கதை கேட்கிற பெண்களுக்கு. இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

பட்டறையோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த மாதமே வீட்டுத் திட்டம் வந்தது. கரையோரத்தில் இனிக் கட்டக்கூடாது என்று சொல்லி, வாவிப் பக்கமாக உள்ளே தள்ளி அரச காணியில் புதிய வீடுகள். அதற்கு ஒன்பது பக்கத்தில் ஒரு படிவம். முதலாவது கட்டம்: குடும்பத் தலைவர் பெயர். புருஷன் இருந்தால் புருஷன் பெயர், இல்லாவிட்டால் மட்டும் பெண்ணின் பெயர் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அந்த ஊர்ப் பெண். என் அம்மாவின் வீடு எனக்கென்று இருந்தது. அப்படியிருந்தும் கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்கவில்லை. என் எழுத்து வடிவான எழுத்து, வேகமாகவும் எழுதுவேன். அந்தப் பெருமையில் இருந்தேன்.

“குடும்பத் தலைவர் பேர் அக்கா?”

“எழுது. நேசம்மா.”

“அண்ணன் இருக்காரே. அவர்ர பேரைத்தான் எழுதணும்.”

“இது ஊட்டுக்கு நிரப்புற போம்தானே?”

“ஓம்.”

“அப்ப என்ட ஊட்டுக்கு அவர்ர பேர் என்னத்துக்கு?”

பக்கத்தில் பாயில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த துரைராசா அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “நான் இவட ஊட்டுக்கு வந்தவன் புள்ள. வந்தவன்ட பேர எழுதி என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டுவிட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

“அது சும்மா ஒரு கட்டம் அக்கா,” என்றேன் நான். “கட்டத்தில ஆர்ர பேர் இருந்தா என்ன? வீடு உங்கடதானே. ஊருக்கே தெரியும்.”

நேசக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். என் பெயர் அட்டையைப் பார்த்தாள். கதிரையில் கிடந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். “படிச்ச புள்ள நீ சொல்லுறாய். சும்மா கட்டமெண்டா செரி, எழுது.”

எழுதினேன். அண்ணன் நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு ஒப்பம் வைத்தார்.

நான் மட்டும் செய்த பிழையென்றால் ஒருவேளை ஆறியிருப்பேன். அந்தக் கரை முழுவதும் அதே பிழையைச் செய்தது. புருஷன்மார் செய்தார்கள், பெண்களும் செய்தார்கள். தாய் கொடுத்ததை ஒரு பேனை வந்து மாற்றிவிடுமா என்று எல்லாரும் நினைத்தோம். வழக்கத்தில் எங்களுக்கு இருந்த நம்பிக்கை அப்படி. அன்றைக்குப் பின்னேரம் அதே தறப்பாளுக்குக் கீழே ‘தீர்மானம் எடுப்பதில் பெண்கள்’ என்று ஒன்றரை மணித்தியாலம் பேசினேன். வடையும் கொடுத்தோம். வடை நன்றாக இருந்தது என்று பதிவேட்டில் இருக்கிறது.

வீடுகள் எழும்பின. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே மஞ்சள். ஒவ்வொன்றிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல். அதில் மேலே காசு தந்தவர்களின் பெயர், கீழே ‘பயனாளி’ என்று போட்டு ஆளின் பெயர். பால் காய்ச்சுகிற அன்று நேசக்கா விரலால் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்து, “என்னகா இது, சவக்காலையில நடுற கல்லு மாதிரி?” என்றாள். அண்ணனுக்கோ வெட்கம். “என்ட பேரக் கல்லில வெட்டிப்போட்டானுகள்” என்று சொல்லி, கல்லுக்கு மேலே ஒரு ஆணி அடித்துத் தன் சேட்டைக் கழற்றி அதில் கொழுவினார். சேட்டு கல்லை மறைத்தது. அதற்குப் பிறகு கடலால் வந்தாலும் கடையால் வந்தாலும் அவருடைய சேட்டு அந்த ஆணியில்தான். நேசக்கா ஓட்டுக்கு முகடு வைக்க முன்னமே வளவின் பின்மூலையில் நாலு குச்சி நட்டுவிட்டிருந்தாள். மகள் சுகந்தியின் கல்யாணத்துக்குப் பிறகு தனக்கு அந்த இடம். “ஒரு குடில் போதும். முருங்க நடணும் பக்கத்தில.”

முருங்கை என்றதும் ஞாபகம் வருகிறது. துரைராசா அண்ணன் கடைசியாகப் போனபோது கையில் வைத்திருந்ததும் ஒரு கட்டு முருங்கைக்காய்தான், அக்கரையில் இருக்கிற தங்கச்சிக்கு.

அக்கரையைப் படுவான்கரை என்போம், சூரியன் படுகிற கரை. நாங்கள் இருக்கிற பக்கம் எழுவான்கரை. படுவான்கரையில் சண்டை நடந்து, சனம் இடம்பெயர்ந்து, திரும்பிப் போகத் தொடங்கியிருந்த நேரம். தங்கச்சியின் வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டுக்கு ஆளில்லை என்று தகவல் வந்திருந்தது. வாவியைக் கடக்கிற மிதப்புத் தட்டை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். ஆட்கள், சைக்கிள், மாடு எல்லாம் அதில் ஏறும். அன்று காலை நானும் மோட்டார் சைக்கிளோடு அதே பாதையில் நின்றேன். கரையில் நின்ற நேசக்காவைப் பார்த்து அண்ணன் சத்தம் வைத்தார்: “ரெண்டு நாளையில ஊட்ட வந்திருவன்!” நேசக்கா திருப்பிக் கத்தினாள்: “ஆர்ர ஊட்ட?” அண்ணன் சிரித்துக்கொண்டு, “உன்ட ஊட்டதான், வேற ஆர்ர?” என்றார். பாதையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அக்கரையில் இறங்கி நான் வடக்கே போனேன், அவர் தெற்கே நடந்தார்.

தங்கச்சியின் வீட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை. யாருடைய கையில் அகப்பட்டார் என்று இன்றுவரை தெரியாது. அப்போது கைகள் நிறைய இருந்தன.

நேசக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நான் போகாத கந்தோர் இல்லை. முகாம்கள், சாவடிகள், முறைப்பாடு எழுதுகிற இடங்கள். வாழைச்சேனைக் கடதாசி ஆலைப் பக்கம் அவரைப் போல ஒருவரைக் கண்டதாக யாரோ சொல்ல, அங்கும் போனோம். அண்ணனின் படம் வைத்த ஒரு பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருப்பாள். படத்தைப் பார்க்காமலே தலையாட்டுகிறவர்களை விடமாட்டாள். “தம்பி, கண்ணத் திறந்து பாருங்க. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுறதுக்கு இது என்ன பட்டறையா?” என்பாள். பக்கத்தில் நான் நிற்பேன், தலையில் ஹெல்மெட்டோடு.

பிறகு வடக்கில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். டவுனில் பட்டாசு வெடித்தது. சந்தையில் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு கத்தரிக்காய் பொறுக்கினோம். கொஞ்ச மாதத்தில் காணி உறுதிப் பத்திரங்கள் வந்தன. சுகந்திக்கு ஒரு சம்பந்தமும் வந்தது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் வேலை பார்க்கிற நல்ல பெடியன். அவன் வீட்டார் வழமையாக எல்லாரும் கேட்பதைக் கேட்டார்கள்: “ஊட்டப் புள்ளைக்கு எழுதிருவீங்கதானே?” நேசக்கா, “அதுக்கென்ன, என்ட ஊடுதானே” என்றாள்.

அந்தச் சொல்லோடுதான் என்னையும் கூட்டிக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் பெண்தான். மரியாதையாகவே பேசினாள்.

“உறுதி ஐயாட பேரில இருக்கு அம்மா. அவர் வந்து ஒப்பம் வைக்கணும்.”

“அவரத்தான் தேடிக்கிட்டு இருக்கம், மகள்.”

“அப்ப மரணச் சான்றிதழ் எடுத்துத் தாங்க. காணாமப் போன ஆக்களுக்கும் எடுக்கலாம். மறுகா உங்கட பேருக்கு மாத்தலாம். போம் இரிக்கு, லேசான போம்தான்.”

நேசக்கா அந்தப் படிவத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “அவர் செத்துப்போனாரெண்டு நான் ஒப்பம் வெச்சாத்தான், என்ட ஊடு எனக்கு வருமோ?”

“சட்டம் அப்பிடித்தான் அம்மா.”

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். வரும் வழியெல்லாம், பாலத்துக்கு மேலும், எஞ்சின் சத்தம்தான்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றையெல்லாம் எழுதினால் என்னை நானே நல்லவளாக்கிக்கொள்வது போலிருக்கும். கடிதம் போட்டேன். சட்டத்தரணியைப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்று மேசைக்கு மேசை விளங்கப்படுத்தினேன். வழக்கம் வேறு, உறுதி வேறு என்றார்கள். எங்கள் நிறுவனம் அதற்குள் கட்டிமுடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தப் படிவங்கள் கொழும்பில் எந்தக் களஞ்சியத்தில் கிடந்தனவோ. கடைசியில், இதுதான் என்னால் மறக்க முடியாதது, நேசக்காவின் வீட்டுப் படியில் இருந்துகொண்டு நான் சொன்னேன்:

“அதுவும் சும்மா ஒரு கடதாசிதான் அக்கா. நீங்க ஒப்பம் வெச்சா அண்ணன் செத்துப் போகப்போறாரா? சுகந்திய யோசிங்க. எழுதாத வீட்டுக்கு மாப்பிள்ள வரமாட்டாராம்.”

கூனி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள்.

“முதல் கட்டத்தையும் சும்மா எண்டுதான் சொன்னாய், புள்ள. அதில பேர எழுதி என்ட ஊட்ட எடுத்தாய். இப்ப இதில ஒப்பம் வாங்கி ஆளையும் எடுக்கப் பாக்கிறாய்.”

உள்ளேயிருந்து சுகந்தி வந்து கதவடியில் நின்றாள். “அம்மா, ஊட்டுக்காக அப்பாவக் கொல்ல வேணாம். நான் போறன்” என்றாள்.

அப்படித்தான் அந்த ஒழுங்கையில் கல்யாணம் முடித்துத் தாய் வீட்டை விட்டு வெளியே போன முதல் பெண் சுகந்தி ஆனாள், வாழைச்சேனையில் ஒரு வாடகை வீட்டுக்கு. வான் வந்து கடப்படியில் நின்றது. எங்களுக்கு மாப்பிள்ளையை உள்ளே அழைக்கத் தெரியும். அதற்கு ஆலாத்தி இருக்கிறது, பலகாரம் இருக்கிறது, இன்னார் முன்னால் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறது. பெண்ணை வெளியே அனுப்ப எங்களுக்குத் தெரியாது. யார் முன்னால் நிற்பது, கையில் என்ன கொடுப்பது, அழலாமா கூடாதா, ஒன்றும் தெரியாமல் அத்தனை பெண்களும் வளவுக்குள் திகைத்துப்போய் நின்றோம். நேசக்கா ஓடிப்போய் ஒரு பை கூனியைக் கொண்டுவந்து மகளின் மடியில் வைத்தாள். பட்டுச்சேலையில் கூனி மணக்க அந்தப் பிள்ளை போனது.

இன்று காலை அந்த மாக்கரையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நேசக்காவிடம் போனேன், முச்சக்கர வண்டியில். மோட்டார் சைக்கிளைக் கந்தோர் திருப்பி எடுத்து எவ்வளவோ காலம். பிறகு ஒன்று வாங்க நினைத்தேன். கல்யாணம், பிள்ளை, முதுகு வலி. என் வீடும் அம்மா எனக்குத் தந்ததுதான். கரண்ட் பில் என் புருஷன் பெயரில் வருகிறது. மாற்றவேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்து, ஒவ்வொரு மாதமும் கட்டிவிட்டு வருகிறேன். நான்தான் தன்னம்பிக்கை பற்றிப் பேசப்போகிறவள்.

நேசக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தோள் குறுகிவிட்டது, சிரிப்புக் குறையவில்லை. கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “கண்ண மூடச் சொல்லுவியோகா?” என்று கேட்டுக் குலுங்கிச் சிரித்தாள். வளவின் பின்மூலையில் முருங்கை பெரிய மரமாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் குடில் இல்லை. அந்த நாலு குச்சியும் எப்போதோ கறையான் தின்றுவிட்டன.

கதவடியில் ஆணியில் சேட்டுத் தொங்கியது. அது எத்தனையாவது சேட்டோ எனக்குத் தெரியாது. பழசு கிழிந்தால் வேறொன்று வாங்கிக் கொழுவுவாள். நான் இருக்கும்போதே அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத் துணியால் கல்லைத் துடைத்தாள். எழுத்தின் குழிக்குள் படிந்த தூசியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நான் மாக்கரை வெளியே எடுத்தேன்.

“அக்கா, உங்கட பேரையும் கீழ எழுதட்டா?”

“மழைக்குப் போயிரும்” என்றாள். பிறகு, “அவர்ர பேராவது இரிக்கட்டும். ஆள் வந்தா எந்த ஊடெண்டு தெரியணுமே” என்று சொல்லிவிட்டுச் சேட்டைத் திரும்பக் கொழுவினாள். எனக்கு யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. அவளிடமிருந்து வீட்டை எடுத்த பெயரும் அவளிடம் மிஞ்சியிருக்கிற பெயரும் அந்த ஒரே கல்லில் இருக்கின்றன. எழுதியது நான், வடிவான எழுத்தில்.

திரும்பி வரும்போது சந்தியில் முச்சக்கர வண்டி பிடித்தேன். ஓட்டியவன் அந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்து வந்த மாப்பிள்ளை, முப்பது வயது இருக்கும். “ஆர்ர வீட்ட வந்த நீங்க?” என்று கேட்டான்.

“நேசம்மா வீட்ட.”

யோசித்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். “நேசம்மாவோ? ஆ, அந்தத் துரைராசா வீடு!”

அவன் துரைராசா அண்ணனை ஒருநாளும் கண்டிருக்க மாட்டான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தியது, வண்டி குலுங்கியது, அவன் வேறு கதைக்குப் போய்விட்டான். நானும் விட்டுவிட்டேன். மஞ்சள் அட்டை இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அண்ணன் அந்த வண்டியில் இருந்திருந்தால் பஸ்ஸுக்கு மேலால் சத்தம் வைத்து, “ஊடு என்ட இல்ல தம்பி, இவட” என்று திருத்தியிருப்பார். அப்படித் திருத்துகிற ஒரு ஆணின் குரலை எங்கள் கரையில் நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.